சாசன வகைகளும் அட்டவணை அமைப்பும்

1. தோற்றுவாய்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்குச் சாலை பிரியும் இடத்தே அமைந்துள்ளது கூட்டேரிப்பட்டு என்னும் ஊர். அவ்வூரை நடுவிடமாகக் கொண்டு மேற்றிசையில் பயணம் செய்வார்க்குத் தமிழகத்துச் சாசன வரலாற்றின் பல படிகள் ஒருங்கே காட்சி தரும். செஞ்சிக்கு அணித்தாய்த் திருநாதர்குன்று உள்ளது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டும், அதற்கு அண்மையில் தளவானூரும் உள்ளன. எண்ணாயிரம், எசாலம் என்னும் ஊர்கள் ஒன்றற்கொன்று அருகருகே அமைந்தவை. இன்னும் மேற்கே செல்லின் நடுகற்களுக்குப் பெயர்பெற்ற செங்கம் பகுதியை அடையலாம்.

இவ்விடங்களிற் கிடைத்த சாசனங்களை ஒருங்கு தொகுத்து, ஆராய்வார் வினவியவாறு விடை தரத்தக்க ஒரு தரவுத்தளத்தை அமைக்க முற்படுவோமாயின், முதற்கண் எழும் வினா கணிப்பொறியைப் பற்றியதன்று, வகைப்பாட்டைப் பற்றியது. கோயிற் கொடையைக் கூறும் கல்லும், வீரன் பட்டதைக் கூறும் கல்லும், துறவி நோற்று உயிர்நீத்ததைக் கூறும் பாறையும், செப்பேடும் ஆகிய இவையனைத்தும் சாசனம் என ஒரு பெயரால் வழங்கப்படினும், தம்முள் வேறுபட்ட செய்திகளை உடையன. இவற்றை ஒரே அட்டவணையில் எழுதுவதா, வகைக்கோர் அட்டவணை வகுப்பதா, பிறிதொரு முறை உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இதனைப் பொறியாளர்க்கே உரிய வினா எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுதல் தகாது. அட்டவணையின் அமைப்பு தவறுமாயின், கல் கூறாத ஒன்றைத் தரவுத்தளம் கூறிவிடும். அதனை நம்பி எழுதப்படும் ஆய்வேடும் அதனையே கூறும்.

2. ஆராய்ச்சிக்குக் கொண்ட சாசனங்கள்

வினாவைத் தெளிவுறக் காண்டற்கு ஆறு சாசனங்களைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, திருநாதர்குன்றுச் சாசனம். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது என அச்சாசனம் கூறுகிறது. அதில் அரசர் பெயரும் இல்லை; ஆட்சியாண்டும் இல்லை.

இரண்டாவது, மண்டகப்பட்டுச் சாசனம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் கோயில் எடுத்தமையை அது வடமொழியிற் கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் சிறப்புப்பெயர் என்பது அறிஞர் துணிபு.

மூன்றாவது, தளவானூர்க் குடைவரையில் உள்ளது. சத்துருமல்லன் என்னும் அவ்வரசனது மற்றொரு சிறப்புப்பெயரால் அக்கோயில் வழங்குகிறது. அங்கு வடமொழிச் செய்யுளும் தமிழ்ச் செய்யுளும் காணப்படுகின்றன.

நான்காவது, செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவகத்தி என்னும் வீரன் பட்டான் என்றும், கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்நடுகல் கூறுகிறது. வீரனோடு நாயின் உருவமும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

ஐந்தாவது, எண்ணாயிரத்து இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. அங்கிருந்த கல்லூரியில் இளநிலை மாணவர் 270 பேர்க்கும், முதுநிலை மாணவர் 70 பேர்க்கும், ஆசிரியர் 14 பேர்க்கும் செய்யப்பட்ட ஏற்பாட்டை அது விரித்துரைக்கிறது.

ஆறாவது, 1987ஆம் ஆண்டு எசாலத்திற் கண்டெடுக்கப்பட்ட இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி.

இவ்வாறனுள்ளும் பொதுவாயின சில உள. சாசனம் கிடைத்த ஊர், எழுதப்பட்ட பொருள், மொழி, எழுத்து, ஏறத்தாழக் கணிக்கப்படும் காலம் ஆகியன எல்லாவற்றிற்கும் உரியன. சிறப்பாயின பல உள. நோன்பு நாள் நிசீதிகைக்கே உரியது. ஏடுகளின் எண்ணிக்கையும், அவற்றைக் கோத்த வளையமும், முத்திரையும் செப்பேட்டிற்கே உரியன. பட்ட வீரனும் பூசலும் நடுகற்கே உரியன. கொடையாளரும் கொடைப்பொருளும் கொடைச் சாசனத்திற்கே உரியன. பொதுவும் சிறப்பும் எனப் பொருளைப் பகுத்துக் காணுதல் தமிழிலக்கண மரபில் வந்தார்க்குப் புதிதன்று. பொதுப்பாயிரம் எல்லா நூற்கும் ஒருமுறையே உரைக்கப்படும். சிறப்புப்பாயிரம் அவ்வந் நூற்கே உரைக்கப்படும். இப்பாகுபாட்டினை அட்டவணை அமைப்பில் எங்ஙனம் பேணுவது என்பதே நம் முன் நிற்கும் வினா.

3. அட்டவணையின் இயல்பு

உறவுநிலைத் தரவுத்தளக் கொள்கையை வகுத்தவர் எட்கர் காட் என்னும் கணிதவியலறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஒசே ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இக்கொள்கையை விளக்கினார். தரவுகள் யாவும் அட்டவணைகளாகவே பயன்படுத்துவோர்க்குத் தோன்றுதல் வேண்டும் என்பதும், பொறியினுள் அவை எவ்விடத்து எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதை அவர்கள் அறியவேண்டுவதில்லை என்பதும் அக்கொள்கையின் சாரம்.

அட்டவணையிற் கிடையாக அமைவதை நிரை என்றும், மேலிருந்து கீழாக அமைவதைப் புலம் என்றும் ஈண்டு வழங்குவோம். அட்டவணையின் தலைப்பு ஒரு வாய்பாடு போன்றது. ஒவ்வொரு நிரையும் அவ்வாய்பாட்டின்வழி அமைந்த ஒரு வாக்கியம். 'நடுகல்' என்னும் அட்டவணையில் சாசன எண், வீரன், பூசல் என மூன்று புலங்கள் இருப்பின், அதன் வாய்பாடு 'இவ்வெண்ணுடைய சாசனம் இவ்வீரன் இப்பூசலிற் பட்டதைக் கூறுகிறது' என்பதாகும். நிரை ஒன்று சேர்க்குந்தோறும் இவ்வாக்கியத்தை நாம் உண்மையென உரைக்கிறோம். அட்டவணையை வெறும் பெட்டியாகக் கருதாது வாக்கியங்களின் தொகுதியாகக் கருதுவார்க்கு, பின்வரும் சிக்கல்கள் பெரும்பாலும் தாமே தெளிவுபடும்.

ஒரு நிரையைப் பிற நிரைகளினின்றும் பிரித்தறிய உதவுவது முதன்மைத் திறவுகோல். ஓர் அட்டவணையின் நிரை வேறோர் அட்டவணையின் நிரையைச் சுட்டுதற்குத் துணையாவது அயல் திறவுகோல். இவ்விரண்டின் இயல்பையும் கல்வெட்டாய்வாளர் தம் தொழிலில் முன்னரே அறிவர். பழைய அறிக்கைகளில் ஒரு கல்வெட்டினை '1917ஆம் ஆண்டின் 333' என ஆண்டும் எண்ணும் சேர்த்தே குறிப்பர். எண் தனித்து நின்று சாசனத்தைக் காட்டாது. ஆண்டும் தனித்துக் காட்டாது. இரண்டும் இணைந்த வழியே காட்டும். இஃது இரு புலங்களாலாகிய திறவுகோல்.

மேலும், இந்தியக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் செப்பேடுகள் ஒரு பின்னிணைப்பிலும் கல்வெட்டுகள் மற்றொரு பின்னிணைப்பிலும் தனித்தனி வரிசை எண் பெற்று வருதலை யாவரும் அறிவர். ஒரே ஆண்டில் ஒரே எண் செப்பேட்டிற்கும் கல்வெட்டிற்கும் உரியதாதல் கூடுமாகலின், பிற்கால மேற்கோள்களில் எண்ணுக்கு முன் ஏ, பி என்னும் பின்னிணைப்பு எழுத்தையும் சேர்த்துக் குறிப்பர். வகைக்கோர் அட்டவணை என்னும் முறையையும், அம்முறையால் விளையும் இடரையும், அவ்விடரை நீக்கும் வழியையும் கணிப்பொறி வருமுன்னரே அச்சேட்டில் நம்மவர் கண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

4. முதன்முறை: யாவற்றிற்கும் ஓர் அட்டவணை

எளிதாகத் தோன்றும் முறை இது. சாசனம் என்னும் ஓர் அட்டவணையை அமைத்து, எல்லா வகைக்கும் வேண்டிய புலங்கள் அனைத்தையும் அதில் வைத்து, வகை என்னும் ஒரு புலத்தால் வேறுபாட்டைக் குறிப்பது. ஒரே இடத்தில் யாவும் இருத்தலின் வினவுதல் எளிது. மகேந்திரவர்மன் காலத்துச் சாசனங்கள் யாவை எனின், ஓர் அட்டவணையை நோக்கினாற் போதும்.

ஆயினும் குறை பெரிது. எடுத்தனூர் நடுகல்லின் பொருட்டு வீரன் என்னும் புலம் வைப்பின், ஏனை ஐந்து நிரைகளிலும் அது வெற்றாக நிற்கும். நோன்பு நாள் என்னும் புலம் திருநாதர்குன்றுக்கு மட்டுமே நிரம்பும். வகைகள் மிக மிகப் புலங்கள் பெருகி, நிரைகளிற் பெரும்பகுதி வெற்றிடமே ஆகும். இடம் வீணாகின்றது என்பது இக்காலத்தில் பெருங்குறையன்று. கட்டுப்பாடு தளர்கின்றது என்பதே பெருங்குறை. நடுகல்லுக்கு வீரனின் புலம் வெற்றாதல் கூடாது; கொடைச் சாசனத்திற்கு அது வெற்றாகவே இருத்தல் வேண்டும். இரு வகையும் ஓரட்டவணையில் இருத்தலின், 'இப்புலம் வெற்றாதல் கூடாது' என்னும் நேரிய விதியை இட இயலாது. வகையை நோக்கி வேறுபடும் விதிகளைப் புலந்தோறும் எழுதுதல் வேண்டும். எழுதாது விடின், செப்பேட்டு நிரையில் நோன்பு நாளை எவரேனும் தவறுதலாகப் பதியினும் தடுப்பார் இலர்.

5. இரண்டாம் முறை: வகைக்கோர் அட்டவணை

கொடை, நடுகல், நிசீதிகை, செப்பேடு என ஒவ்வொன்றற்கும் தனியட்டவணை வகுத்து, ஊர், அரசர், மொழி முதலிய பொதுப்புலங்களையும் ஒவ்வொன்றிலும் மீண்டும் மீண்டும் வைப்பது இரண்டாம் முறை. வெற்றிடம் குறையும்; ஒவ்வொரு வகைக்கும் உரிய விதியை உறுதியாக இடலாம். நடுகற்களை மட்டும் ஆராய்வார்க்கு இம்முறை நன்று. 1972ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' போன்ற தனிவகைத் தொகுப்பிற்கு இதுவே இயல்பான அமைப்பு.

எனினும் வகை கடந்த வினா எழுந்தவிடத்து இம்முறை இடர்ப்படும். மகேந்திரவர்மனை ஆராய்பவர் மண்டகப்பட்டையும் தளவானூரையும் எடுத்தனூரையும் ஒருங்கு காண வேண்டியவர். குடைவரை எடுத்த அரசனும், எருமை காத்துப் பட்டவனின் கல்லிற் குறிக்கப்பெறும் அரசனும் ஒருவனே என்பதன்றோ அவர் ஆராய்ச்சியின் சுவை! அவர் எல்லா அட்டவணைகளையும் தனித்தனியே வினவி விடைகளைச் சேர்த்தல் வேண்டும். நாளை ஏரிச் சாசனங்களுக்கென ஒரு புதிய அட்டவணை சேர்க்கப்படின், பழைய வினா அதனை நோக்காது. பிழை என ஒரு குறிப்பும் தோன்றாது. விடை குறைந்து வரும். குறைந்தது என்பதையும் அறியார். அன்றியும், ஆய்வுக் கட்டுரைகளையும் மைப்படிகளையும் தொகுக்கும் வேறோர் அட்டவணை ஒரு சாசனத்தைச் சுட்ட விரும்பின், எந்த அட்டவணையைச் சுட்டுவது? ஓர் அயல் திறவுகோல் ஓர் அட்டவணையையே சுட்டும். நான்கிலும் ஒரே எண் வாராமற் காப்பதும் அரிது.

6. மூன்றாம் முறை: பொதுவுக்கு ஒன்று, சிறப்புக்குப் பல

பொதுப்புலங்களைச் சாசனம் என்னும் ஓர் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதி, சிறப்புப்புலங்களை அவ்வவ் வகைக்குரிய கிளையட்டவணையில் எழுதி, இரண்டையும் ஒரே சாசன எண்ணால் இணைப்பது மூன்றாம் முறை. கிளையட்டவணையின் முதன்மைத் திறவுகோலே பொது அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலாகவும் அமையும். ஆதலின், பொது அட்டவணையில் இல்லாத எண் கிளையில் தோன்ற இயலாது. எடுத்தனூர்க் கல்லின் ஊரும் எழுத்தும் பொது அட்டவணையில் அமையும். கருந்தேவகத்தி நடுகல் அட்டவணையில் அமைவான்.

பொதுமையாக்கம் என்னும் இக்கருத்தைத் தரவுத்தளவியலில் ஜான் ஸ்மித், டயான் ஸ்மித் ஆகிய இருவரும் 1977இல் விளக்கி எழுதினர். மேற்கூறிய மூன்று முறைகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு மென்பொருள் அமைப்போர்க்கு எடுத்துரைத்தவர் மார்ட்டின் பௌலர். அவர் நூல் 2002இல் வெளிவந்தது.

இம்முறையில் குறை இல்லையோ எனின், உண்டு. ஒரு சாசனத்தை முழுமையாகக் காண இரண்டு மூன்று அட்டவணைகளை இணைத்து நோக்க வேண்டும். ஒன்றைப் பதியவும் இரண்டிடத்துப் பதிய வேண்டும். சில ஆயிரம் சாசனங்களைக் கொண்ட தொகுதியில் இவ்விணைப்பால் நேரும் காலத்தாழ்வு பொருட்படுத்தத்தக்கதன்று. அன்றியும், அடிக்கடி வேண்டப்படும் இணைப்பினைக் காட்சியட்டவணையாக ஒருமுறை வரையறுத்து வைத்துக்கொள்ளலாம். அதன்பின் பயன்படுத்துவோர்க்கு அது ஓரட்டவணை போலவே தோன்றும்.

7. வகை என்பது ஒன்றா?

இதுகாறும் கொடை, நடுகல், நிசீதிகை, செப்பேடு என்பவற்றை ஒரே நிரலில் வைத்து எண்ணி வந்தோம். அது தகுமா என்பதை இனி நோக்குதல் வேண்டும். செப்பேடு என்பது எழுதப்பட்ட பொருளால் வந்த பெயர். கொடை என்பது கூறும் செய்தியால் வந்த பெயர். எசாலச் செப்பேடு பொருளாற் செப்பேடு, செய்தியாற் கொடை. வகை என ஒரு புலமே இருப்பின் அதனை எதில் அடக்குவது? செப்பேடு என்று குறிப்பின், இராசேந்திரன் காலத்துக் கொடைகளை எண்ணுவார் கணக்கில் அது விடுபடும். கொடை என்று குறிப்பின், செப்பேடுகளை எண்ணுவார் கணக்கில் விடுபடும். பகுக்கப்படும் பொருள் ஒன்றாயினும் பகுக்கும் அடிப்படை இரண்டாயின், அவ்விரண்டையும் கலத்தல் வகுத்தற் குற்றம். மக்களைத் 'தமிழர், ஆசிரியர், நெடியர்' எனப் பகுப்பது போன்றதே அது.

ஆகவே, எழுதுபொருள் என ஒரு புலமும் செய்திவகை என ஒரு பகுப்பும் வேறுவேறாக அமைதல் வேண்டும். இவ்விரண்டின் இயல்பும் ஒன்றன்று. ஒரு சாசனத்திற்கு எழுதுபொருள் ஒன்றே. கல்லிலும் செம்பிலும் வெட்டுக என்னும் ஆணை சாசனங்களில் வருவதுண்டு. ஆயினும் கல்லில் வெட்டியது ஒரு சாசனம், செம்பில் வெட்டியது மற்றொரு சாசனம். இரண்டின் தொடர்பையும் தனியே குறிக்கலாம். தளவானூரின் இரு செய்யுட்களையும் இவ்வாறே இரு சாசனங்களாகக் கொண்டு, ஒரே குடைவரையைச் சார்ந்தவை எனக் குறித்தல் ஏற்புடைத்து. செய்திவகையோ ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கோயில் எடுத்தமையையும் அதற்கு நிலம் விட்டமையையும் ஒரே கல்வெட்டுக் கூறலாம்.

இவ்வேறுபாடு அட்டவணை அமைப்பை நேரே பாதிக்கும். எழுதுபொருள் ஒன்றே ஆகலின், கல்லெனக் குறித்த சாசனத்திற்குச் செப்பேட்டுக் கிளையில் நிரை தோன்றாதவாறு காத்தல் வேண்டும். அதற்கு ஓர் உபாயம் உண்டு. பொது அட்டவணையில் சாசன எண்ணையும் எழுதுபொருளையும் இணைத்து ஒரு திறவுகோலாக அறிவித்தல். செப்பேட்டுக் கிளையிலும் அவ்விரு புலங்களையும் வைத்து, ஆண்டு எழுதுபொருள் என்னும் புலம் 'செப்பேடு' என்னும் மதிப்பையே கொள்ளுமாறு விதித்தல். இரண்டையும் சேர்த்தே அயல் திறவுகோலாகப் பொது அட்டவணையைச் சுட்டச் செய்தல். இங்ஙனம் செய்யின், எண்ணாயிரத்துக் கல்வெட்டிற்கு ஏடுகளின் எண்ணிக்கையை எவர் பதிய முயலினும் தரவுத்தளமே மறுக்கும். செய்திவகைக்கு இக்காவல் வேண்டா. கொடைக் கிளையில் ஒரு நிரை இருத்தலே அது கொடையைக் கூறுகிறது என்பதற்குச் சான்று. கட்டுமானக் கிளையிலும் அதற்கு நிரை இருக்கலாம்.

தொல்காப்பியர் பெயரியலில் விரவுப்பெயர் கூறுவதை ஈண்டு நினைவுகூரலாம். இரு திணைக்கும் பொதுவாய் நிற்கும் பெயர் தன் வடிவாற் திணையை உணர்த்தாது. முடிக்கும் வினையே உணர்த்தும். சாசனம் என்னும் பொதுப்பெயரும் அத்தகையதே. அஃது எவ்வகைத்து என்பதைக் கிளையட்டவணையிலுள்ள செய்தியே உணர்த்துகிறது.

8. வகைப்பெயரை எழுதும் முறை

எழுதுபொருளைப் புலத்தில் எங்ஙனம் எழுதுவது என்பதும் ஒரு வினா. கட்டற்ற சொல்லாக எழுதவிடின், ஒருவர் 'செப்பேடு' என்பார். ஒருவர் 'செப்பேடுகள்' என்பார். ஒருவர் 'தாமிர சாசனம்' என்பார். பொறி இவற்றை மூன்று வகையாகக் கொள்ளும். அனுமதிக்கப்பட்ட சொற்களை விதியாகவே அட்டவணையில் எழுதிவிடல் இரண்டாவது வழி. வகைகள் என்றும் மாறாதனவாயின் இது போதும். எழுதுபொருள் வகைகளுக்கென ஒரு சிற்றட்டவணை வகுத்து, அயல் திறவுகோலால் அதனைச் சுட்டுதல் மூன்றாவது வழி. ஓலை, பானை ஓடு எனப் புதுவகை வேண்டின் சிற்றட்டவணையில் ஒரு நிரை சேர்த்தாற் போதும். வகையின் விளக்கத்தையும் அங்கேயே எழுதி வைக்கலாம். தொகுதி வளரும் இயல்பினதாயின் இதுவே சிறந்தது.

ஊர்ப்பெயர்க்கும் இதுவே முறை. பழைய அறிக்கைகளில் எண்ணாயிரம் தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019இல் அதனினின்றும் கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டப் பெயரைச் சாசன நிரைதோறும் எழுதி வைத்தவர் ஒவ்வொரு முறையும் எல்லா நிரைகளையும் திருத்த வேண்டியவராவர். ஊர் அட்டவணையில் வைத்தவர் ஊர்க்கு ஒருமுறை திருத்துவர்.

9. வெற்றிடத்தின் பொருள்

இக்கட்டுரையின் தலைமையான கருத்தை இனிக் கூறுவோம். ஆட்சியாண்டு என்னும் புலம் வெற்றாக இருப்பின், அதன் பொருள் யாது? நான்கு பொருள் கொள்ளல் கூடும். ஒன்று, பொருந்தாமை, நடுகல்லுக்கு ஏடுகளின் எண்ணிக்கை என்னும் செய்தியே பொருந்தாதவாறு போல. இரண்டு, கூறாமை, திருநாதர்குன்றுச் சாசனம் முழுமையாக உள்ளது, ஆயின் அரசரைக் கூறவில்லை. மூன்று, சிதைவு, கல்லில் ஆண்டு இருந்தது, ஆயின் அப்பகுதி பொரிந்துபோயிற்று. நான்கு, படியாமை, மைப்படி எடுத்தாயிற்று, இன்னும் எவரும் படித்திலர்.

இந்நான்கும் ஆய்வாளர்க்கு நான்கு வேறு உண்மைகள். கூறாமை என்பது வரலாற்றுச் சான்று. அரசனைச் சுட்டாது ஒரு துறவியின் நோன்பை மட்டும் சுட்டிய மரபை அது காட்டுகிறது. சிதைவு என்பது கல்லின் நிலை. படியாமை என்பது நம் குறை. ஓரட்டவணை முறையில் இந்நான்கும் ஒரே வெற்றாகத் தோன்றும். 'அரசர் பெயர் குறிக்காத சாசனங்கள் எத்தனை?' என ஒரு மாணவர் வினவின், சிதைந்த கல்லும் படிக்கப்படாத கல்லும் அரசரைப் புறக்கணித்த கல்லாக எண்ணப்படும். அவ்வெண்ணிக்கையின்மேல் ஒரு கொள்கையே எழுதல் கூடும்.

வேறொரு நுட்பமும் உண்டு. வினவுமொழியில் வெற்று என்பது எம்மதிப்போடும் ஒவ்வாது, வேறுபடவும் செய்யாது. 'அரசர் மகேந்திரவர்மன்' என்னும் வினாவிற்குத் திருநாதர்குன்று விடையாக வாராது, அது முறையே. 'அரசர் மகேந்திரவர்மன் அல்லர்' என்னும் வினாவிற்கும் அது வாராது. உண்மை, பொய் என்னும் இரண்டோடு அறியப்படாமை என்னும் மூன்றாவதும் அம்மொழியில் உண்மையின், இரு கணக்கையும் கூட்டினும் மொத்தம் நிரம்பாது. வெற்றிற்கு அஞ்சிச் சுழியத்தை எழுதி வைப்பார் இதனினும் பெரும் பிழை செய்தவராவர். சுழியமாம் ஆட்சியாண்டு எந்த அரசர்க்கும் இல்லை.

மூன்றாம் முறையில் இந்நான்கையும் பிரிக்க இயலும். பொருந்தாமைக்குக் கிளையட்டவணையே விடை: பொருந்தாத செய்திக்கு அங்கே நிரையே இராது. ஆட்சிக்குறிப்பு எனத் தனியட்டவணை ஒன்று வகுத்து, அரசரையோ ஆண்டையோ சாசனம் குறித்தவிடத்து மட்டும் அதில் நிரை அமைப்போம். எடுத்தனூர்க்கு 34 என்னும் ஆண்டோடு நிரை உண்டு. திருநாதர்குன்றுக்கு நிரை இல்லை. சிதைந்த கல்லுக்கு நிரை உண்டு. ஆயின் அதன் நிலை 'சிதைவு' எனக் குறிக்கப்படும். நிலை 'தெளிவு' ஆயின் ஆண்டு வெற்றாதல் கூடாது என விதிப்போம். படியாமையைப் பொது அட்டவணையிற் 'படிப்பு நிலை' என்னும் புலம் உணர்த்தும். முழுதும் படிக்கப்பட்டது, ஆட்சிக்குறிப்பில் நிரை இல்லை எனின், அதுவே கூறாமை. இப்போது மாணவரின் வினாவிற்கு நேரிய விடை கிடைக்கும்.

மண்டகப்பட்டுச் சாசனம் இவ்வட்டவணைக்கு மற்றொரு நயத்தையும் வேண்டி நிற்கிறது. கல்லிலுள்ள பெயர் விசித்திரசித்தன். மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் துணிபு. இரண்டையும் ஒரு புலத்தில் எழுதின், பின்வருவார் கல்லே அவ்வாறு கூறியதாகக் கொள்வர். 'சாசனம் கூறும் பெயர்' ஒரு புலமாகவும், 'ஆய்வாளர் கொண்ட அரசர்' மற்றொரு புலமாகவும் அமைதல் வேண்டும். துணிபு மாறின் இரண்டாவது மாறும். முதலாவது என்றும் மாறாது.

10. தடையும் விடையும்

'இத்துணை அட்டவணைகள் எதற்கு? சாசன எண், பண்பு, மதிப்பு என மூன்றே புலங்கள் கொண்ட ஓரட்டவணையில் யாவற்றையும் எழுதலாமே. கோவிவனுக்கும் இடம் கிடைக்குமே' என வினவுவார் உளர். புதிய செய்தி எதுவரினும் அமைப்பை மாற்ற வேண்டா என்பது அம்முறையின் கவர்ச்சி. ஆயின் 57 என்னும் எண்ணும் கருந்தேவகத்தி என்னும் பெயரும் அங்கே ஒரே புலத்தில் நிற்கும். எண்ணாக இருக்க வேண்டுவது எண்ணே என்பதற்குக் காவலில்லை. நடுகல் எனின் வீரன் பெயர் வேண்டும் என விதிக்க வழியில்லை. ஒரு சாசனத்தை முழுமையாகக் காணப் பண்புதோறும் இணைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் இடந்தருவது எதற்கும் இலக்கணம் தாராது.

கோவிவனைப் பொறுத்தவரை, நடுகல் அட்டவணையில் நாய்க்கென ஒரு புலம் வைத்தலும் தகாது. பெரும்பாலான கற்களில் அது வெற்றாகும். 'பெயர்க்குறிப்பு' என ஓரட்டவணை வகுத்து, சாசன எண், பெயர், அப்பெயருடையார் சாசனத்தில் ஏற்ற பங்கு என மூன்று புலங்கள் அமைத்தால் தலைவனும் வீரனும் நாயும் அதில் அமைவர். இது மேற்சொன்ன தடையாளர் முறையன்றோ எனின், அன்று. இதன் வாய்பாடு ஒன்றே, 'இச்சாசனம் இப்பெயரை இப்பங்கிற் குறிக்கிறது' என்பது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகியோர் 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு, பெயர்களை இங்ஙனம் தனிநிலைத் தரவாகக் கொண்டு ஆராய்வதால் விளையும் பயனை நன்கு காட்டியுள்ளது.

'எளிய முறை எங்குமே ஏலாதோ?' எனின், ஏற்கும் இடம் உண்டு. வகைகளிடையே வேறுபடும் புலம் ஓரிரண்டே ஆயின் ஓரட்டவணை போதும். வகை கடந்து எவரும் வினவார் என்பது உறுதியாயின் வகைக்கோர் அட்டவணை போதும். பொதுவும் மிகுந்து சிறப்பும் மிகுந்து, இருநோக்கிலும் வினா எழுமிடத்தே மூன்றாம் முறை வேண்டும். சாசனத் தொகுதி அத்தகையது.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: வகைகளை அட்டவணையில் அமைக்குமுன் பகுப்பின் அடிப்படை ஒன்றா பலவா எனத் தெளிதல் வேண்டும். ஒன்றே கொள்ளும் வகைக்குத் திறவுகோலாற் காவல் இடுதல் வேண்டும். பல கொள்ளும் வகைக்குக் கிளை நிரையே சான்றாதல் வேண்டும். பொதுவை ஒருமுறை எழுதிச் சிறப்பைக் கிளையில் எழுதுதல் சாசனத் தொகுதிக்கு ஏற்ற முறை. எவ்வெற்றிடமும் ஒரு பொருளே தருதல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றையேனும் பொறியாளர் தனித்து முடிவு செய்தல் இயலாது. சிதைவும் கூறாமையும் வேறென்பதைக் கல்லைத் தடவிப் படித்தவரே அறிவர்; கொடையும் செப்பேடும் ஒருநிரல் அல்ல என்பதைச் சாசனத்தைப் பயின்றவரே அறிவர். ஆதலின் அட்டவணை வரையும் பணியில் தமிழாய்வாளர் தொடக்கத்திலேயே அமர்தல் வேண்டும். நிரப்பும் பணிக்கு மட்டும் அழைக்கப்படுதல் போதாது. திருநாதர்குன்றிலே சந்திரநந்தி ஆசிரியரின் நோன்பை எழுதியவர் அரசன் பெயரை எழுதாது விட்டார். அவர் எழுதாது விட்டதை, எழுதாது விட்டதாகவே காத்தல் நம் கடன்.